செங்காந்தள் கொடி இருக்கற வீட்டுல பூனையும் நாயும் இருந்தா: "இன்னைக்கு நல்லாத்தான் இருக்கு"ங்கறதை நம்பாதீங்க

கேட்ட கேள்வியை முதல்ல ஒரு தடவை சொல்லிடறேன், புதுசா படிக்கறவங்களுக்கும் புரியணும். வீட்டுல தொட்டியில செங்காந்தள் கொடி இருக்கு, மூணு வருஷமா பூக்குது. நாய் ஒண்ணு ஏற்கனவே இருக்கு, இப்ப புதுசா ஒரு பூனைக்குட்டி வந்திருக்கு. நேத்து சாயந்திரம் அந்தக் குட்டி கொடியோட இலையைப் பிடிச்சு இழுத்து விளையாடிட்டு இருந்துச்சு, கடிச்சுதா இல்லையான்னு பாக்கல, இன்னைக்கு நல்லாத்தான் இருக்கு. சிலர் விஷம்ங்கறாங்க, சிலர் மூலிகைதானேங்கறாங்க, கொடியை எடுக்கணுமா வேண்டாமா.

கொடி இருக்கட்டும், அதை அப்புறம் பேசலாம். குட்டியை இன்னைக்கே தூக்கிட்டுப் போய் ஒரு டாக்டர்கிட்ட காட்டுங்க. நானும் கால்நடை டாக்டர்தான், இத்தனை வருஷத்துல என்னை ரொம்ப பயமுறுத்தின வாக்கியம் எதுன்னு கேட்டா "இப்ப நல்லாத்தான் இருக்கு டாக்டர்"ங்கறதுதான், அதுவும் இந்த ஒரு செடி விஷயத்துல. இலையைத் தின்னிருந்தா வழக்கமா சில மணி நேரத்துலயே வாந்தி, எச்சில் ஒழுகறதுன்னு ஆரம்பிக்கும், சிலதுக்கு அரை நாள், ஒரு நாள் கூட ஆகும். ஒரு முழு நாள் தாண்டியும் வாந்தி பேதி ஒண்ணும் இல்லாம சாப்பிட்டு விளையாடுதுன்னா பெரும்பாலும் உள்ள போகலைன்னு நம்பலாம். ஆனா அந்த முடிவை வீட்டுல உக்காந்து நாமளா எடுக்கக்கூடாது. ஒரு ரத்தப் பரிசோதனை பண்ணி வெச்சுக்கிட்டா பின்னாடி ஒப்பிட்டுப் பாக்கவும் ஆகும். போகும்போது செடியோட ஒரு போட்டோ எடுத்துட்டுப் போங்க, முடிஞ்சா கடிபட்ட இலையை ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டுப் போங்க.

சரி, இனி விவரமா சொல்றேன்.

செங்காந்தளுக்கு நம்ம பாஷையில எத்தனை பேர் பாருங்க, கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு, கார்த்திகைப்பூ, எல்லாமே ஒரே கொடிதான். நர்சரியில குளோரியோசான்னோ குளோரி லில்லின்னோ சொல்லி விப்பாங்க, தாவரவியல் பேரு குளோரியோசா சூப்பர்பா. தமிழ்நாட்டோட மாநிலப் பூ, ஜிம்பாப்வேயோட தேசியப் பூவும் இதுதான். பூ விரியும்போது பச்சையும் மஞ்சளுமா இருந்து நாளாக நாளாக அடியில மஞ்சள் மேல சிவப்புன்னு மாறி கடைசியில முழுச் சிவப்பாகும், இதழ் எல்லாம் பின்னாடி மடிஞ்சு தீ எரியற மாதிரி நிக்கும். அழகுல எனக்கு எந்த சந்தேகமும் கிடையாது. இந்த அழகான கொடியில வேர் தண்டு இலை பூ காய் விதைன்னு ஒரு இடம் விடாம கோல்சிசின்னு ஒரு பொருள் இருக்கு, கிழங்குலயும் விதையிலயும் ரொம்ப அதிகமா இருக்கு.

கோல்சிசின்ங்கற பேரை வீட்டுல யாருக்காவது கவுட் இருந்தா கேட்டிருப்பீங்க, கால் பெருவிரல் வீங்கி வலி உயிர் போகும் பாருங்க அதுக்குக் குடுக்கற மாத்திரை. அந்த மாத்திரையில இருக்கறது வெறும் 0.5 மில்லிகிராம் அளவு. அறுபது எழுபது கிலோ இருக்கற மனுஷனுக்கே டாக்டருங்க அதை எண்ணி எண்ணித்தான் குடுப்பாங்க, ஏன்னா வேலை செய்யற அளவுக்கும் விஷமாகற அளவுக்கும் நடுவுல இடைவெளி ரொம்பக் கம்மி. இதை ஒரு கிலோ கூட இல்லாத பூனைக்குட்டியோட ஒப்பிட்டுப் பாருங்க, "கொஞ்சம்தானே கடிச்சுது"ங்கற பேச்சுக்கு இங்க இடமே இல்லைன்னு புரியும்.

உள்ள போய் என்ன பண்ணுதுன்னு புரிஞ்சுக்கிட்டா மத்ததெல்லாம் தானா புரியும், அதனால இதை மட்டும் கொஞ்சம் பொறுமையா படிங்க. உடம்புல ஒரு செல் ரெண்டா பிரியணும்னா உள்ள நூல் மாதிரி சில இழைகள் உருவாகி குரோமோசோம்களை ரெண்டு பக்கமும் இழுக்கணும். கோல்சிசின் அந்த நூல் உருவாகாம தடுத்துடும், செல் பாதி வழியில நின்னு செத்துப்போகும். 1937-லயே செடி ஆராய்ச்சி பண்றவங்க இதைப் பிடிச்சுக்கிட்டாங்க, செடியோட குரோமோசோமை ரெட்டிப்பாக்க இந்தப் பொருளைத்தான் இன்னிக்கும் பயன்படுத்தறாங்க. செடிக்கு அது பரிசோதனை, நாய்க்கும் பூனைக்கும் உயிர்ப் பிரச்சனை. ஏன்னா உடம்புல ஓயாம பிரிஞ்சுக்கிட்டே இருக்கற செல்லுங்க எங்கன்னா குடலோட உள்சுவர்லயும் எலும்பு மஜ்ஜையிலயும்தான். குடல் சுவர் முதல்ல அடி வாங்கும், அதான் வாந்தி, ரத்தம் கலந்த பேதி எல்லாம். மஜ்ஜை அடி வாங்கறது வெளியில தெரிய நாளாகும், அங்கதான் ரத்த செல்லுங்க தயாராகுது. ஏற்கனவே ரத்தத்துல ஓடிட்டு இருக்கற செல்லுங்க தீர்ற வரைக்கும் எல்லாம் சரியா இருக்கற மாதிரியே இருக்கும், புதுசு வராதுன்னு யாருக்கும் தெரியாது.

இப்ப அந்த "நல்லாத்தான் இருக்கு" கதைக்கு வரேன். முதல் நாள் வாந்தி, பேதி, எச்சில், வயித்து வலி, சோர்வு. ரெண்டாம் நாள் சில நேரம் வாந்தி நின்னுடும், தண்ணி குடிக்கும், வாலை ஆட்டும், வீட்டுல எல்லாரும் பெருமூச்சு விடுவாங்க. உள்ள அப்பத்தான் இதயம், கல்லீரல், கிட்னின்னு ஒவ்வொண்ணா தடுமாற ஆரம்பிச்சிருக்கும். ரெண்டு மூணு நாள்ல ரத்த அழுத்தம் விழுறது, மூச்சு வாங்கறது, அப்புறம் வெள்ளை அணுவும் பிளேட்லெட்டும் சரியறது, அதுல தொத்து நோய் புகுந்துக்கறது. இதையெல்லாம் தாண்டி பொழைச்சா ஒண்ணு ரெண்டு வாரம் கழிச்சு முடி கொட்டும்.

ஒரு நாயை மறக்கவே முடியல. பழுப்பு நிறம், பன்னெண்டு கிலோ இருக்கும், நல்ல துறுதுறுப்பு. மூணாவது நாள்தான் தூக்கிட்டு வந்தாங்க. மொத ராத்திரி வாந்தி எடுத்திருக்கு, சாப்பாடு ஒத்துக்கலைன்னு நினைச்சிருக்காங்க, மறுநாள் மத்தியானம் எழுந்து தண்ணி குடிச்சிருக்கு, சரியாப்போச்சுன்னு விட்டுட்டாங்க. என்கிட்ட வரும்போது ஈறு வெளுத்துப் போய், வயித்துத் தோல்ல குண்டூசித் தலை அளவு சிவப்புப் புள்ளி புள்ளியா, பிளேட்லெட் இறங்கினா அப்படித்தான் வரும். வீட்டுல என்ன செடி இருக்குன்னு கேட்டேன். செடியே இல்லையே டாக்டர், ஒரு காலித் தொட்டிதான் இருக்கு, அதைத்தான் ரெண்டு நாள் முன்னாடி தோண்டிப் போட்டுருச்சுன்னாங்க. அந்தத் தொட்டியை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். மண்ணு சிதறிக் கிடக்கு, நடுவுல வி மாதிரி ரெண்டு கை விரிச்ச பழுப்புத் தோல் கிழங்கு, ஒரு கை முழுசா இருக்கு, இன்னொரு கை பாதியில உடைஞ்சு உள்ள வெள்ளையா தெரியுது, அந்த வெள்ளையில வரிசையா பல் பதிஞ்ச தடம். அந்த நாயைக் காப்பாத்த முடியல, நாலாவது நாள் போயிடுச்சு.

நான் திரும்பத் திரும்ப சொல்றது இதுதான், அந்தத் தொட்டி காலி இல்லை. செங்காந்தள் வருஷம் பூரா பச்சையா நிக்கற கொடி கிடையாது. பூத்து காய்ச்சு முடிஞ்சா மேல இருக்கறது எல்லாம் மஞ்சளாகி காஞ்சு விழுந்துடும், அடுத்த பருவம் வரைக்கும் கிழங்கு மட்டும் மண்ணுக்குள்ள தூங்கும். கண்ணுக்குத் தெரியாததால நாமளும் மறந்துடுவோம், தொட்டி ஒரு மூலையில கிடக்கும். நாய்க்கு மேல இருக்கற இலையில பெரிய ஆர்வம் எதுவும் இல்லை, அதுக்கு ஆசை மண்ணைத் தோண்டறதுல. அதுலயும் மண்ணுல எலும்புத்தூள் உரமோ மீன் உரமோ போட்டிருந்தா அந்த வாசனைக்கே தோண்டும், தோண்டி கையில கிடைக்கற கிழங்கை எலும்புன்னு நினைச்சு மென்னுடும். விஷம் அதிகமா இருக்கற பாகமும் அதுதான். அதனால நாய் வெச்சிருக்கறவங்களுக்குக் கொடி பூத்து நிக்கற மாசங்களை விட ஒண்ணுமே தெரியாத மாசங்கள்தான் ஆபத்து.

பூனை கதை வேற. செங்காந்தள் இலையை கிட்ட போய் பாத்திருக்கீங்களா, இலை நீளமா வந்து நுனியில திடீர்னு மெலிஞ்சு நூல் மாதிரி ஆகி சுருண்டுக்கும், அந்தச் சுருளாலதான் கொடி பக்கத்துல இருக்கறதைப் பிடிச்சு ஏறும். லேசா காத்தடிச்சா போதும் அந்தச் சுருள் எல்லாம் தனித்தனியா ஆடும். பூனைக்குட்டிக்கு அது ஆடற நூல், வேற ஒண்ணும் இல்லை. முதல்ல ஒரு கால் தட்டும், அப்புறம் ரெண்டு காலாலயும் பிடிச்சு இழுக்கும், பிடிச்சதை அடுத்து எங்க கொண்டு போகும்னு பூனை வளக்கற எல்லாருக்கும் தெரியும், நேரா வாய்க்குத்தான். நீங்க நேத்து பாத்தது இதைத்தான். மென்னு முழுங்கலைன்னாலும் கசங்கின இலையோட சாறும் பூவோட மகரந்தமும் கால்லயும் முடியிலயும் ஒட்டும், பூனை உடம்பை நக்கி நக்கி சுத்தம் பண்ற பிராணி, ராத்திரிக்குள்ள எல்லாத்தையும் உள்ள தள்ளிடும். அதனால பூனை இந்தக் கொடிகிட்ட இருந்து வந்தா முதல்ல ஈரத்துணியால முகம், கால், மார்பு முடி எல்லாம் துடைச்சு விடுங்க. பூவைப் பறிச்சு ஜாடியில வெக்கற பழக்கம் இருந்தா அந்தத் தண்ணியும் ஆபத்துன்னே வெச்சுக்கோங்க, கோல்சிசின் தண்ணியில கரையற பொருள், பூனைக்கு ஜாடித் தண்ணி குடிக்கறதுன்னா தனி ஆசை.

காய் வெடிக்கற நேரத்தையும் சொல்லிடறேன். காய் பழுத்து மூணா பிளந்து உள்ள இருந்து ஆரஞ்சு சிவப்புல விதை விதையா தெரியும், உதிர்ந்து தரையில உருளும். நாய்க்குட்டி தரையில உருளற எதையும் வாயில போட்டுப் பாக்கும். பூ முடிஞ்சதும் காய் பிடிக்க விடாம கிள்ளி விட்டுடுங்க.

கடிச்சதைக் கண்ணால பாத்துட்டீங்கன்னு வைங்க, என்ன பண்ணணும். வாயில மிச்சம் இருக்கறதை விரலை விட்டு எடுங்க, கடிபடாம பாத்துக்கோங்க, வாயோரத்தை ஈரத்துணியால துடைங்க, உடனே கிளம்புங்க. அவ்வளவுதான். வண்டியில ஏறிட்டே டாக்டருக்கு போன் பண்ணுங்க, என்ன செடி, எந்தப் பாகம், எத்தனை மணிக்கு, பிராணி எத்தனை கிலோ, இந்த நாலும் போதும். முதல் ஒரு மணி ரெண்டு மணி நேரம்தான் தங்கம் மாதிரி, அதுக்குள்ள வயித்துல இருக்கறதை வெளிய எடுத்துட்டா பாதி யுத்தம் முடிஞ்சது. வாந்தி வரட்டும் அப்புறம் பாக்கலாம்னு காத்திருந்தீங்கன்னா, வாந்தி வர்ற நேரத்துல விஷம் ஏற்கனவே குடலைத் தாண்டி ரத்தத்துல கலந்திருக்கும், அறிகுறி தெரியற வரைக்கும் காத்திருக்கறதே இந்த விஷத்துக்கு நாம குடுக்கற வாய்ப்பு.

பண்ணக்கூடாததுதான் நெறைய. உப்புத்தண்ணி கரைச்சு ஊத்தி வாந்தி எடுக்க வைக்காதீங்க, ரத்தத்துல உப்பு ஏறி மூளை பாதிச்சு அதுலயே போன நாய்ங்க உண்டு. ஹைட்ரஜன் பெராக்சைடை பூனைக்குக் குடுக்கவே குடுக்காதீங்க, இரைப்பை புண்ணாகி ரத்தமா வரும். நாய்க்குக் கூட டாக்டர் போன்ல அளவு சொன்னாத்தான். எண்ணெய், முட்டை, பால்னு வாயில ஊத்தறதும் வேண்டாம், சோர்ந்து கிடக்கற பிராணிக்கு ஊத்தினா பாதி நுரையீரலுக்குள்ள போகும், ஒரு விஷத்தோட நிமோனியாவும் சேந்துக்கும். கரி நல்லதுன்னு கேள்விப்பட்டு அடுப்புக்கரியைப் பொடி பண்ணிக் குடுக்கறவங்களையும் பாத்திருக்கேன், டாக்டர் குடுக்கற ஆக்டிவேட்டட் சார்கோல் விஷத்தைப் பிடிச்சு வெச்சுக்கற வேற பொருள், அடுப்புக்கரி அந்த வேலையைச் செய்யாது.

ஆஸ்பத்திரியில என்ன நடக்கும்னு தெரிஞ்சா பயம் கொஞ்சம் குறையும். சீக்கிரம் வந்திருந்தா ஊசி போட்டு வாந்தி எடுக்க வைப்போம், அப்புறம் சார்கோல் குடுப்போம், ஒரு தடவை இல்லை, சில மணி நேர இடைவெளியில திரும்பத் திரும்ப. காரணம் என்னன்னா கோல்சிசின் கல்லீரலுக்குப் போய் பித்தநீரோட மறுபடி குடலுக்கே வந்து மறுபடி உறிஞ்சப்படும், இந்த சுத்தை அறுக்கணும்னா சார்கோல் குடல்ல காவல் நிக்கணும். கூடவே டிரிப்ஸ், வாந்திக்கு மருந்து, வலிக்கு மருந்து, தினமும் ரத்த அணு எண்ணிக்கை. வெள்ளை அணு விழுந்தா மஜ்ஜையைத் தூண்டற ஊசி இருக்கு, ஆன்டிபயாட்டிக் சேப்போம். டயாலிசிஸ் பண்ணா போயிடாதான்னு கேப்பாங்க, போகாது, இந்தப் பொருள் ரத்தத்துல தங்காம திசுக்களுக்குள்ள போய் ஒட்டிக்கும். முறிவு மருந்துன்னு ஒண்ணு வாங்கிப் போட கிடையாது. 1995-ல பிரான்ஸ்ல ஒரு பெண்ணுக்கு கோல்சிசினுக்குன்னே தயாரிச்ச ஆன்டிபாடி குடுத்துக் காப்பாத்தினதா மருத்துவ இதழ்ல வந்துச்சு, அது நாய் பூனைக்கு நாம எடுத்துப் போடற மருந்தா கைக்கு வரல. அதனால எங்க கையில இருக்கறது எல்லாம் உடம்பு தன்னைத்தானே சரி பண்ணிக்கற வரைக்கும் தாங்கிப் பிடிக்கறதுதான். நாள் கணக்குல ஆகும். ரெண்டாம் நாள் நல்லா இருக்குன்னு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு அடம் பிடிக்காதீங்க, ஏன் வேண்டாம்னு மேல சொல்லிட்டேன்.

இன்னொண்ணு, நாயோ பூனையோ வேற ஏதாவது மாத்திரை சாப்பிட்டுட்டு இருந்தா, முக்கியமா பூஞ்சைக்குக் குடுக்கற மாத்திரை, சைக்ளோஸ்போரின் இந்த மாதிரி, அதை மறக்காம டாக்டர்கிட்ட சொல்லுங்க. கோல்சிசினை வெளிய தள்ளற வழிகளை இந்த மருந்துங்க அடைச்சுடும், விஷம் இன்னும் நேரம் தங்கும்.

சீக்கிரம் வந்து பொழைச்ச நாயையும் சொல்லணும், இல்லைன்னா நான் பயமுறுத்திட்டே போற மாதிரி இருக்கும். சுருட்டை முடி வெச்ச சின்ன நாய், கிழங்கை மென்னுட்டு இருக்கும்போதே அந்த வீட்டுப் பொண்ணு பாத்துட்டு வாயில இருந்து பிடுங்கி, முக்கால் மணி நேரத்துல என் மேஜை மேல கொண்டு வந்து நிறுத்திட்டா, மிச்சக் கிழங்கு அவ சட்டைப் பையில இருந்துச்சு. வாந்தியில வெள்ளைத் துண்டுங்க மாவு மாவா வந்துச்சு. அப்படியும் ரெண்டு நாள் ரத்தப் பேதி போச்சு, வெள்ளை அணு இறங்கி மறுபடி ஏறுச்சு. மூணாவது வாரம் மறு பரிசோதனைக்கு வந்தப்ப முதுகைத் தடவினேன், கைப்பிடி கைப்பிடியா முடி வந்துச்சு, அந்தப் பொண்ணு அழ ஆரம்பிச்சுட்டா. முடி கொட்டுதுன்னா ஆபத்தான கட்டத்தைத் தாண்டி வந்துட்டான்னு அர்த்தம்னு சொன்னேன். கொட்டினது எல்லாம் திரும்ப முளைச்சுது.

மூலிகைதானேங்கற பேச்சுக்கு ஒரு பதில் சொல்லியே ஆகணும். மூலிகைன்னா என்ன, உடம்புல வேலை செய்யற பொருள் அதுல இருக்குன்னுதானே அர்த்தம், அதே பொருள்தான் அளவு மீறினா கொல்லுது. நாட்டு மருத்துவத்துல கூட இந்தக் கிழங்கை அப்படியே குடுக்க மாட்டாங்க, விஷத்தைக் குறைக்க சுத்தி பண்ணித்தான் தொடுவாங்க, அவங்களுக்கே இது விஷக் கிழங்குன்னு நல்லா தெரியும். சுட்டாலோ வேக வெச்சாலோ போயிடும்னு நினைக்கறதும் தப்பு, வள்ளிக்கிழங்குன்னு நினைச்சு வேக வெச்சுத் தின்ன மனுஷங்களே செத்திருக்காங்க. அப்புறம் "பிராணிக்குத் தெரியும் எதைத் தின்னக்கூடாதுன்னு"ங்கறது. காட்டுல தாயோட சுத்திக் கத்துக்கிட்ட பிராணிக்கு கொஞ்சம் தெரியலாம், நம்ம வீட்டுக்குள்ள பொறந்து வளந்து பொழுது போகாம கிடக்கற குட்டிக்கு எதுவும் தெரியாது, அதுக்கு உலகத்தைப் புரிஞ்சுக்கற கருவியே வாய்தான்.

லில்லின்னு பேர் இருக்கறதால வர்ற குழப்பமும் உண்டு. குளோரி லில்லி நிஜ லில்லி இல்லை, குடும்பமே வேற. ஈஸ்டர் லில்லி, ஆசிய லில்லி மாதிரி நிஜ லில்லிங்க பூனைக்கு கிட்னியை அழிக்கும், இலை, மகரந்தம், ஜாடித் தண்ணி எது உள்ள போனாலும் மூணு நாளுக்குள்ள கிட்னி நின்னுடும், ஆனா நாய்க்கு அந்த அளவு ஆபத்து இல்லை. செங்காந்தள் அப்படி ஆள் பாக்காது, நாய் பூனை மனுஷன் எல்லாருக்கும் ஒண்ணுதான். அமெரிக்காவுல ஏஎஸ்பிசிஏங்கற பிராணி நல அமைப்பு வெச்சிருக்கற விஷச்செடிப் பட்டியல்ல நாய், பூனை, குதிரை மூணுக்கும் விஷம்னே போட்டிருக்காங்க. "லில்லி நாய்க்கு ஒண்ணும் பண்ணாதாமே"ன்னு எங்கயோ படிச்சதை வெச்சு இதை விட்டுடாதீங்க.

வீட்டுல வேற கொடிங்களும் இருக்கும், அதையும் சேத்துச் சொல்லிடறேன், ஆனா எல்லாத்தையும் ஒரே தட்டுல வைக்க வேண்டாம். மணி பிளான்ட்டுக்கு பயந்து ராத்திரி முழுக்க தூங்காதவங்க இருக்காங்க, அதுல இருக்கறது கால்சியம் ஆக்சலேட், கண்ணுக்குத் தெரியாத ஊசி ஊசியான படிகம். கடிச்ச உடனே வாயில நூறு ஊசி குத்தின மாதிரி எரியும், எச்சில் கொட்டும், காலால முகத்தைத் தேய்க்கும், சில நேரம் வாந்தி. உயிருக்கு ஆபத்து ரொம்ப அபூர்வம். வாயைத் தண்ணியால கழுவி கொஞ்சம் தயிரோ பாலோ நக்கக் குடுத்தா அடங்கும், வாந்தி எடுக்க வைக்காதீங்க, வர்ற வழியெல்லாம் மறுபடி குத்தும். தொண்டை வீங்கி மூச்சு சத்தமா வந்தா மட்டும் ஓடணும். ஃபிலோடென்ட்ரானும் இதே கதைதான். ஐவி கொடின்னா சப்போனின்னு ஒரு பொருள், வயித்தைக் கலக்கும், அதுக்கும் மேல போறது கம்மி.

செங்காந்தளோட ஒரே வரிசையில வெக்க வேண்டியது குன்றிமணிதான். சிவப்புல கறுப்பு மூக்கு வெச்ச விதை, அழகுக்காக மாலையா கோத்தும் வெப்பாங்க. அதுல இருக்கற அப்ரின் செல்லுக்குள்ள புரதம் தயாராகற வேலையையே நிறுத்திடும். விதைத்தோல் ரொம்பக் கெட்டி, முழுசா முழுங்கினா சில நேரம் அப்படியே வெளிய வந்துடும், ஆனா மென்னுட்டாலோ மாலை கோக்க ஓட்டை போட்ட விதையா இருந்தாலோ உள்ள இருக்கறது எல்லாம் வெளிய வந்துடும். நாய் மாலையைக் கடிச்சு அறுத்துடுச்சுன்னா எத்தனை விதை மிச்சம்னு எண்ணிட்டு உடனே கிளம்புங்க.

இப்ப உங்க கடைசிக் கேள்வி, கொடியை எடுக்கணுமா. எடுத்துடுங்க. எனக்கும் இந்தப் பூ உயிர், இருந்தாலும் சொல்றேன். உசரத்துல தொங்க விடலாமேன்னு தோணும், பூனைக்கு உசரம் ஒரு தடை இல்லை, காஞ்ச இலையும் விதையும் கீழதான் விழும், நாய் அங்கதான் நிக்கும். தோட்டம் பெருசா இருந்து பிராணி போகவே முடியாத மாதிரி வலை போட்டு அடைச்ச இடம் இருந்தா மட்டும் யோசிக்கலாம். பிராணி இல்லாத, செடி வளக்கத் தெரிஞ்ச ஒருத்தருக்குக் குடுக்கறது இன்னும் நல்லது, குடுக்கும்போது இது விஷம்னு சொல்லிக் குடுங்க.

எடுக்கும்போது கையுறை போட்டுக்கோங்க. கொடியைப் பிடிச்சு இழுக்காதீங்க, கிழங்கு சுண்ணாம்புக்கட்டி மாதிரி பட்டுனு உடையும். அதுலயும் முளைக்கற கண்ணு கிழங்கோட நுனியில மட்டும்தான் இருக்கும், அந்தக் கண்ணு இல்லாத துண்டு மண்ணுல தங்கிட்டா முளைக்கவும் முளைக்காது, தலையை நீட்டி இங்க இருக்கேன்னு காட்டவும் காட்டாது, விஷம் மட்டும் அப்படியே இருக்கும். அதனால தொட்டியை முழுசா ஒரு பழைய துணி மேல கவுத்து மண்ணை விரலால உதிர்த்து உதிர்த்துப் பாருங்க, துண்டு எத்தனை வருதுன்னு சேத்து வெச்சு ரெண்டு பாகத்தையும் பொருத்திப் பாருங்க, வி முழுசா வரணும். உரக்குழியில போடாதீங்க, கவர்ல கட்டி மூடி இருக்கற குப்பைத் தொட்டியில போடுங்க. அந்த மண்ணை அதே வீட்டுல வேற செடிக்கு போட வேண்டாம். முடியறவரைக்கும் நாயையும் பூனையையும் ஒரு ரூம்ல அடைச்சு வைங்க, அந்தத் துணியையும் கையோட தூக்கிடுங்க.

கொடி இல்லாம வெறிச்சுன்னு இருக்குன்னா மல்லிகைக் கொடி வைங்க, ஹோயா வைங்க, ரெண்டும் நாய்க்கும் பூனைக்கும் விஷம் இல்லாதது. மல்லிகை வாங்கும்போது மட்டும் ஒரு எச்சரிக்கை, ஜாஸ்மின்னு பேர் வெச்சதெல்லாம் மல்லிகை இல்லை, கரோலினா ஜாஸ்மின்னு மஞ்சள் பூ பூக்கற கொடி ஒண்ணு விப்பாங்க, அது ஜெல்சீமியம், நரம்பையும் மூச்சையும் முடக்கற விஷம். சீட்டுல ஜாஸ்மினம்னு இருக்கான்னு பாத்து வாங்குங்க.

குட்டியைக் காட்டப் போகும்போது "செங்காந்தள்"னு மட்டும் சொல்லாதீங்க, இளம் டாக்டருங்களுக்கு பேர் சட்டுனு பிடிபடாம போகலாம். குளோரியோசா, அதுல கோல்சிசின் இருக்கு, நேத்து சாயந்திரம் இத்தனை மணிக்கு இலையை இழுத்துச்சு, இதுவரைக்கும் வாந்தி பேதி இருக்கா இல்லையா, இப்படி ஒரு வரியில சொல்லுங்க, அவங்க மத்ததைப் பாத்துக்குவாங்க. இன்னைக்கு ஒரு ரத்தப் பரிசோதனை, மூணாம் நாள் இன்னொண்ணு எடுக்கச் சொல்லிக் கேளுங்க. ரெண்டும் சரியா இருந்தா நிம்மதியா இருங்க, ரிசல்ட் வந்ததும் இங்க ஒரு வரி எழுதுங்க, நானும் பாத்துட்டு இருப்பேன்.